கொரோனாவுக்குப் பிறகு அப்பாவின் கால்கள்: பயிற்சியைக் கூட்டுவதா, குறைப்பதா?

துணுக்காய் மகள் | 2021 நவம்பர் 21, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிறவள், இன்றைக்குத்தான் முதல்முறை எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. வயல்காரர். ஓகஸ்ட் கடைசியில், நாடு பூட்டியிருந்த நேரம், வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. அவருக்குக் காய்ச்சலும் இருமலும் ஒரு கிழமை, அவ்வளவுதான். மாறிவிட்டதென்று வரம்பு கட்டவும் போய்விட்டார். மூன்றாம் கிழமை இரண்டு பாதமும் விறைக்கிறது என்றார். அடுத்த நாள் கக்கூசில் குந்தினவர் எழும்ப முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டார். முதலில் காட்டிய இடத்தில் சத்துக் குறைவென்று விற்றமின் குளிசை தந்து அனுப்பினார்கள். அதற்கு அடுத்த நாள் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது. 1990 அம்புலன்சுக்கு அடித்தோம்.

யாழ்ப்பாணத்தில் முள்ளந்தண்டு நீர் எடுத்துப் பார்த்து ‘கில்லன் பரே’ என்ற நரம்பு நோய் என்றார்கள். ஐந்து நாள் இம்யூனோகுளோபியூலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்து ஏற்றினார்கள். மூச்சுத் தசையும் தளர்ந்து 16 நாள் வென்ரிலேற்றரில் இருந்தார். போன ஞாயிறு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பிடித்து இருத்தினால் இருக்கிறார். கரண்டி பிடிக்கிறார், பொத்தான் போட வராது. இரண்டு பாதமும் கீழே தொங்குகின்றன, வலது பக்கம் கூட. கிளினிக் இரண்டு கிழமைக்கு ஒருதரம். ஓட்டோவுக்குப் போய்வர 4,000 ரூபா கேட்கிறார்கள்.

பிரச்சினை இதுதான். மாமா காலையும் பின்னேரமும் வந்து “விட்டால் கால் செத்துப்போம்” என்று 100 தரம் காலைத் தூக்க வைக்கிறார். வியாழக்கிழமை அப்படிச் செய்தார்கள். வெள்ளிக்கிழமை அப்பாவால் கரண்டியே பிடிக்க முடியவில்லை. மாமா பாசத்தில்தான் செய்கிறார், அது எனக்குத் தெரியும். நிற்பாட்டச் சொல்லலாமா? ஆஸ்பத்திரியில் தந்த பயிற்சித் தாள் முழுக்க ஆங்கிலம், படமும் தெளிவில்லை.

ரொறன்ரோ மாமா | நவம்பர் 21, இரவு 10.15

மாமாக்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான். ஆனால் பிள்ளை, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரைக்கூட இரண்டாம் மூன்றாம் நாளே இருத்தி நிறுத்தி நடக்க வைக்கிறார்கள். படுக்கப் போட்டால் ஆள் முடிந்தது. ஸ்ரீரொயிட்டும் கேட்டுப் பாருங்கள், கொரோனாவுக்கு அதுதானே கொடுத்தார்கள்.

இயன்மருத்துவன் | நவம்பர் 21, இரவு 11.50

தங்கச்சி, நான் வடக்கில்தான் இயன்மருத்துவராக (பிசியோதெரபி) வேலை செய்கிறேன். அப்பாவைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுவதால் கிளினிக்கில் சொல்வதுதான் முதல். ஆனால் அந்த 100 தரத்தை நாளைக்கே நிற்பாட்டுங்கள்.

ரொறன்ரோ அண்ணா, நீங்கள் சொன்ன சீக்கிரம் எழுப்பும் முறை சரியானதுதான். படுக்கையிலேயே கிடந்து இளைத்த தசைக்கு அது மருந்து. இவருக்கு நடந்தது வேறு. கொரோனாவோடு சண்டை போட்ட எதிர்ப்புச் சக்தி ஆள்மாறி நரம்பை அடித்திருக்கிறது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு இழைகளில் பாதி வேலை செய்யாதபோது, மிச்சம் இருப்பவைதான் முழுத் தசையையும் இழுக்கின்றன. நாலு பேர் தூக்கும் மூட்டையை இரண்டு பேர் தலையில் வைத்தது போல. அதை 100 தரம் செய்தால் அந்த இரண்டு பேரும் விழுவார்கள். வெள்ளிக்கிழமை கரண்டி விழுந்தது அதனால்தான். 16 நாள் வென்ரிலேற்றரில் இருந்ததால் சாதாரணத் தசை இளைப்பும் இதோடு கலந்திருக்கும். ஆகவே பயிற்சி வேண்டாம் என்று ஆகாது. அளவுதான் கதை.

அளவு எப்படித் தெரியும் என்றால், அடுத்த நாள் காலையைக் கேளுங்கள். நேற்றுச் செய்ததை இன்று காலை அதே இலகுவில் செய்கிறாரா? சரி, அப்படியே தொடரலாம். நேற்றைவிடச் சோர்ந்து, நடுங்கி, தசை வலித்துக் கிடக்கிறாரா? நேற்றுச் செய்தது கூடிவிட்டது, பாதியாகக் குறையுங்கள்.

இப்போதைக்கு இப்படிச் செய்யலாம். காலைத் தூக்க வைக்காதீர்கள், வழுக்க விடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, குதிக்காலின் கீழே ஒரு பொலித்தீன் பை, அதன் மேல் கொஞ்சம் பவுடர். முழங்காலை மடக்கி நீட்டட்டும். தூக்குகிற பாரம் இல்லாததால் தசைக்கு இருக்கிற பலமே போதும். ஐந்து தரம், பிறகு ஓய்வு. ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை பிரித்துச் செய்யுங்கள். கெண்டைக்கால் சுருங்காமல் இருக்க, சாரத்தை மடித்துப் பாதத்தில் போட்டு மெதுவாக அவர் பக்கம் இழுத்து 30 செக்கன் வைத்திருங்கள். படுக்கும்போது பாதம் கீழே தொங்காமல், கட்டில் காலடியில் தலையணை அண்டக் கொடுத்து 90 பாகையில் நிற்கட்டும்.

முக்கியமாக ஒன்று. தூக்கும்போது கக்கத்தில் கைபோட்டு இழுக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு அப்படியே விலகும்.

வைத்தியர் ஒருவர் | நவம்பர் 22, காலை 6.20

இயன்மருத்துவர் சொன்னதோடு இரண்டு விடயம். ஸ்ரீரொயிட் இந்த நோய்க்குப் பலன் தராது என்று பல வருடங்களுக்கு முன்பே ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். ஒட்சிசன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளில் அது உயிர் காத்தது உண்மை. அது நுரையீரல் கதை, இது நரம்பின் கதை.

அப்பாவுக்கு மூச்சு முட்டினாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாமல் போனாலோ, கிளினிக் நாள் பார்க்காமல் உடனே கொண்டுபோங்கள்.

நோயும் புதிதல்ல. முதலாம் உலகப் போர் நடந்த 1916 இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு படைவீரர்களில் கண்டு எழுதியது. வயிற்றோட்டக் கிருமிக்குப் பிறகு அதிகம் வரும். இப்போது கொரோனாவுக்குப் பிறகும் பார்க்கிறோம்.

வவுனிக்குளத்தான் | நவம்பர் 22, காலை 8.05

இங்கிலீசு வைத்தியம் பார்த்தாச்சு, சரி. இனி வேப்பெண்ணெய் தேய்த்து, நொச்சி இலை அவித்து ஒத்தடம் கொடுங்கள். என் பெரியப்பா பாரிசவாதத்தில் விழுந்து அப்படித்தான் எழும்பினவர்.

இயன்மருத்துவன் | நவம்பர் 22, காலை 8.40

எண்ணெய் மெதுவாகத் தடவலாம் ஐயா, எனக்கு ஆட்சேபனை இல்லை. உடம்பு பிடித்துவிட்டால் யாருக்குத்தான் சுகமில்லை. ஒத்தடம் மட்டும் வேண்டாம். அவருடைய பாதத்துக்குச் சூடு தெரியாது. போன வருடம் ஒருவருக்கு வெந்நீர்ப் போத்தல் வைத்து, கொப்பளித்த பிறகுதான் வீட்டார் கண்டார்கள். பாரிசவாதம் மூளையில் நடப்பது, இது கைகால் நரம்பில். இரண்டுக்கும் பயிற்சியே வேறு.

மாங்குளம் நாலுசில்லு | நவம்பர் 22, பகல் 1.30

பிள்ளை, நான் 2009 இல் இருந்து சக்கர நாற்காலிக்காரன். முதுகில் துப்பாக்கிச் சன்னம். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் உன் அப்பாவைப் பற்றி இங்கே எழுதியவர்களைவிட எனக்கு ஒரு விடயம் கூடத் தெரியும், அது படுக்கைப் புண்.

கேட்டுக்கொள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றிப் படுக்க வை. இரவிலும்தான். அம்மாவும் நீயும் முறை வைத்துக்கொள்ளுங்கள், தொலைபேசியில் அலாரம் வை. கதிரையில் இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருதரம் கை ஊன்றி இடுப்பைத் தூக்கவேண்டும். கை பலமில்லாவிட்டால் ஒரு பக்கம் சரித்துப் பிறகு மற்றப் பக்கம். ரியூப் மாதிரி நடுவில் ஓட்டை உள்ள காற்றுத் தலையணை யாராவது கொண்டுவந்து தருவார்கள். வாங்காதே. சுற்றியிருக்கிற தோலை அது நெரித்து இரத்த ஓட்டத்தை மறிக்கும். நான் அதில் இருந்துதான் முதல் புண் வாங்கினேன், மாற ஐந்து மாதம்.

தினமும் இரவில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து இடுப்பு, குதிக்கால், கணுக்கால் மொழி எல்லாம் பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடு. வெளிறி மறுபடி சிவந்தால் தப்பித்தாய். வெளிறாமல் அப்படியே சிவப்பாய் நின்றால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் இனிப் பாரம் படக்கூடாது.

வாசல்படி எவ்வளவு உயரம்? ஒரு அடி என்றால் சரிவுப் பாதை பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மேசன்மார் ஐந்து அடியில் முடித்துவிட்டு “போதும் அண்ணை” என்பார்கள். போதாது. நான் பின்பக்கமாக விழுந்து சொல்கிறேன். குளிக்க வைப்பதற்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டிக் கால்களுக்கு ரப்பர் போடு.

மாங்குளத்தில் முள்ளந்தண்டு பாதித்தவர்களுக்கென்று இருந்த பிரிவில் இதையெல்லாம் நான் படித்தேன். வன்னியில் எந்த ஊருக்குப் போனாலும் என்னைப் போல் ஒருவன் இருப்பான். ஆஸ்பத்திரித் தாள் விளங்காவிட்டால் அவனிடம் போய்க் கேள்.

துணுக்காய் மகள் | நவம்பர் 22, இரவு 8.10

அண்ணா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்தப் பெடியனுக்கு என்ன வயது?” என்று கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை. மாமா இன்றைக்கு வந்தபோது தானே சொன்னார், “மச்சான், ஐந்துதான்” என்று.

மல்லாவி ரீச்சர் | நவம்பர் 23, பின்னேரம் 4.45

இந்த உரையாடல் இழைக்குள் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்குக் கால் தளரவில்லை. மே மாதம் கொரோனா வந்தது, வீட்டிலேயே மாறியது. இப்போது ஆறு மாதம். உயர்தர வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் நின்று படிப்பித்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை, நாளை மறுநாள் எழும்ப முடியாது. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி, சொல் வராது. கரும்பலகையில் எழுதிய கணக்கை நானே மறந்து நிற்கிறேன். எல்லாப் பரிசோதனையும் சரி என்கிறார்கள். அதிபர் என்னைப் பார்க்கிற பார்வை வேறு. நடந்தால் மாறும் என்று பின்னேரம் குளக்கட்டில் ஓடிப் பார்த்தேன், மூன்று நாள் படுக்கை.

இயன்மருத்துவன் | நவம்பர் 23, இரவு 9.15

ரீச்சர், ஓடுவதை விடுங்கள்.

தொற்று வந்து மூன்று மாதத்தின் பின்னும் அறிகுறி நின்று, அது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு காரணமும் அகப்படாவிட்டால் அதைக் கொரோனாவுக்குப் பிந்திய நிலை என்று எடுக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் போன மாதம் வரையறை தந்திருக்கிறது. ஆகவே இது உங்கள் மனப்பிரமை அல்ல. உழைப்புக்கு ஒரு நாள், இரண்டு நாள் கழித்து விழுத்துகிற இந்தச் சோர்வு இருப்பவர்களுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுகிற பழைய முறை ஆகாது. உலக இயன்மருத்துவ அமைப்பு இந்த ஜூனில் அதை எச்சரித்தது. நாட்பட்ட சோர்வு நோய்க்கு அப்படிக் கூட்டிக்கொண்டு போகும் சிகிச்சையை இங்கிலாந்தின் வழிகாட்டியிலிருந்தும் போன மாதம் எடுத்துவிட்டார்கள். நாங்களே பழக வேண்டிய விடயம் இது. எங்களுக்குப் படிப்பித்தது முழுக்க “இன்னும் ஐந்து தரம்” என்பதுதான்.

கதிரையில் இருந்து படிப்பியுங்கள். ஒரு மணித்தியால வகுப்பை நடுவில் உடையுங்கள், பிள்ளைகளைக் கொண்டு பலகையில் எழுதுவியுங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் செய்ததையும் அதற்கு அடுத்த இரண்டு நாளும் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள், உங்கள் எல்லை இரண்டு கிழமையில் தெரியும். இன்னொன்று. படுத்திருக்கும்போது நாடித்துடிப்பை எண்ணி, எழும்பி நின்று பத்து நிமிடத்துக்குள் மறுபடி எண்ணுங்கள். 30க்கு மேல் கூடி அப்படியே நின்றால் வைத்தியரிடம் அந்தக் கணக்கோடு போங்கள். வெறுமனே “களைப்பு” என்றால் மீண்டும் விற்றமின்தான் கிடைக்கும்.

ரொறன்ரோ மாமா | நவம்பர் 23, இரவு 11.30

தடுப்பூசியால் வந்ததாக இருக்காதா இதெல்லாம்? இங்கே ஆளாளுக்கு ஒரு வீடியோ அனுப்புகிறார்கள்.

வைத்தியர் ஒருவர் | நவம்பர் 24, காலை 6.10

கேள்வி நியாயமானது, ஒளிக்க ஒன்றுமில்லை. அஸ்ராசெனெகா ஊசிக்குப் பிறகு கில்லன் பரே அபூர்வமாக வருவது உண்மை. இங்கிலாந்தில் கணக்கெடுத்து ஒக்டோபரில் வெளியிட்டார்கள். அந்த ஊசி போட்ட ஒரு கோடிப் பேரில் மேலதிகமாக 38 பேர். கொரோனா தொற்றிய ஒரு கோடிப் பேரில் 145 பேர். வீடியோ அனுப்புகிறவரிடம் இரண்டாவது எண்ணையும் கேளுங்கள்.

மட்டுறுத்துநர் | நவம்பர் 24, காலை 7.00

தடுப்பூசி விவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே இயன்மருத்துவம் மட்டும். இரண்டு பேர் தங்கள் தொலைபேசி எண்ணைப் பொதுவில் போட்டிருந்தார்கள், நீக்கியிருக்கிறேன்.

துணுக்காய் மகள் | 2022 ஜனவரி 30, இரவு 8.50

எட்டி எட்டிக் கேட்டவர்களுக்கு. அப்பா பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒருதரம் நின்றால் இரண்டு நிமிடம். ஐந்து பன்னிரண்டாகியிருக்கிறது, அதற்கு மேல் அவரே போவதில்லை.

ரீச்சர், உங்கள் பதிவையும் அவருக்கு வாசித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சிறுபோகம் விதைக்கிறதுக்கு முன்னம் கமக்காரர் எல்லாம் கூடிக் குளத்தில எவ்வளவு தண்ணி எண்டு பாக்கிறம். பத்தடி தண்ணியை வைச்சுக்கொண்டு முழு வயலையும் விதைச்சால் கதிர் வாற நேரம் வாய்க்கால் காயும். ரீச்சருக்குச் சொல்லு, காலமை எழும்பிக் குளத்தைப் பாக்கச் சொல்லி.” எனக்கு ஒரு வருடமாக அவரிடம் இவ்வளவு நீளமான பேச்சு கேட்டதாக நினைவில்லை. பெரும்போகம் உரம் இல்லாமல் கைவிட்டுப்போனது. அந்தக் கவலையில் அவரே பாதி இரவு தூங்குவதில்லை, அதுவும் களைப்பில் சேரும்தானே?

மல்லாவி ரீச்சர் | 2022 ஜனவரி 31, காலை 5.30

கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். இன்றைக்குக் குளத்தில் மூன்றடி.

துணுக்காய் மகள் | 2022 ஏப்ரல் 10, இரவு 9.00

வோக்கர் பிடித்து முற்றத்தில் நடக்கிறார். பாதம் தொங்குவதால் காலை உயர்த்தி உயர்த்தி, சேற்றுக்குள் நடப்பது போல வைக்கிறார். போன கிழமை வலது செருப்பு கழன்றது தெரியாமல் வெறுங்காலோடு வேலிவரை போய்வந்திருக்கிறார். இரவில் கண்ணாடி பிடித்துப் பார்த்தபோது குதிக்காலில் மூன்று நெருஞ்சி முள், இரத்தம் காய்ந்து இருந்தது. நாலுசில்லு அண்ணா, அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் புழுத்திருக்கும்.

பாதம் எப்போது வரும்?

இயன்மருத்துவன் | 2022 ஏப்ரல் 11, இரவு 10.20

உறை மட்டும் கெட்ட நரம்பு கிழமைகளில், மாதங்களில் திரும்பும். உள்ளே இருக்கும் இழையே அறுந்திருந்தால் மறுபடி முளைத்து வரவேண்டும், அது ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர். நாரியிலிருந்து கெண்டைக்கால்வரை அளந்து பாருங்கள் தங்கச்சி, ஏன் இவ்வளவு பொறுமை கேட்கிறேன் என்று தெரியும். ஆறு மாதம் கழித்தும் ஐந்தில் ஒருவர் துணையில்லாமல் நடக்க முடியாமல்தான் இருக்கிறார்கள். அதற்குப் பிறகும் முன்னேற்றம் வருகிறது. முழுதாக வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன்.

அதுவரை பாதத்தைத் தாங்க ஒரு கணுக்கால் தாங்கி வேண்டும். யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால் மட்டுமல்ல, தாங்கிகளும் செய்கிறது. கால் அளவெடுத்துச் செய்வதால் ஆள் நேரில் போகவேண்டும். போட்ட பிறகு முதல் நாள் அரை மணித்தியாலம், கழற்றித் தோலைப் பார்த்து, பிறகுதான் கூட்டுவது.

வவுனிக்குளத்தான் | 2022 ஜூன் 19, இரவு 7.30

பெற்றோலே இல்லை, எங்கே போய் அளவெடுப்பது? ஓட்டோக்காரன் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்புகிறான்.

துணுக்காய் மகள் | 2022 ஜூன் 20, இரவு 9.10

உண்மைதான் ஐயா. ஏழு கிழமை கிளினிக் போகவில்லை. இயன்மருத்துவர் அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் அப்பா நடப்பதைப் பார்த்துத் திருத்துகிறார், அதற்கு ஒரு சதம் வாங்கவில்லை. அவருக்கு நன்றி சொன்னால் கோபம் வருகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். தாங்கிக்கு மாமா வயலுக்கு ஒதுக்கி வைத்த டீசலில் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் மெத்தை போட்டு மாங்குளம் ஸ்ரேசன்வரை கொண்டுபோனார், அங்கிருந்து ரயில். 100 தரம் தூக்க வைத்த அதே மாமாதான். வழி முழுக்க 20 நிமிடத்துக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தி “மச்சான், சரிஞ்சு படு” என்றாராம்.

மல்லாவி ரீச்சர் | 2022 ஜூன் 21, காலை 5.50

பாடசாலை மூடியிருப்பது எனக்குப் பலன். சொல்லக் கூடாதுதான். ஐந்தடி, சில நாள் ஆறு. கரும்பலகைக்கு இன்னும் பயம்.

துணுக்காய் மகள் | 2022 செப்டெம்பர் 18, இரவு 8.30

நேற்று அப்பா தாங்கியும் ஒற்றை ஊன்றுகோலுமாக வாய்க்கால்வரை போய்வந்தார். அம்மா பின்னால் எண்ணிக்கொண்டு போனார், போக 140 எட்டு. திரும்பும்போது தாங்கி போடாத இடது காலில் செருப்பு கழன்றது. இரண்டு எட்டில் நின்று, திரும்பிப் பார்த்து, “செருப்பு கழண்டு போட்டுது” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாங்குளம் நாலுசில்லு | செப்டெம்பர் 18, இரவு 8.42

செருப்புக்குப் பின்வார் போடு பிள்ளை. பழைய சைக்கிள் ரியூப் போதும், இரண்டு விரல் அகலத்தில் வெட்டு. இறுக்கிக் கட்டாதே. இரவில் கண்ணாடியை நிற்பாட்டிவிடாதே.